பாலித் தீவின் நீர்க்கோயில்களும் ஒரு கணினி மாதிரியும்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் நெல் விளைவது எரிமலைச் சரிவுகளில். ஆகுங், பத்தூர், பத்துக்காரு மலைகளிலிருந்து தெற்கே இறங்கும் ஆறுகள் இறுகிய எரிமலைச் சாம்பலை அறுத்துக்கொண்டு ஆழமான பள்ளங்களில் ஓடுகின்றன. வயல்கள் மேட்டில் இருக்க, ஆறு வெகு கீழே கிடக்கிறது. அதனால் ஆற்றின் மேற்பகுதியில் சிறு அணை கட்டி, அங்கிருந்து மலையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வெட்டி, சரிவுக்குக் கீழே உள்ள மேட்டு வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் முறை உருவானது. சுரங்கம் வெட்டும் தொழிலாளர்களைப் பற்றிய குறிப்பு 9ஆம் நூற்றாண்டுச் சாசனங்களிலேயே இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டுச் சாசனங்களில் உழவர்களின் பாசனச் சங்கமும் பெயரோடு இடம்பெறுகிறது. அந்தச் சங்கத்துக்கு இன்றைய பெயர் சுபாக்.

சுபாக் என்பது ஊர் அமைப்பு அல்ல. ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் உழவர்கள் எந்த ஊர்க்காரர்களாக இருந்தாலும் ஒரே சுபாக்கில் சேர்வார்கள். தலைவரைப் பெக்காசே என்பார்கள். கூட்டம் எப்போது, வாய்க்கால் வெட்ட யார் வரவேண்டும், வராதவருக்கு அபராதம் எவ்வளவு என்ற விதிகள் பனையோலையில் எழுதிவைக்கப்பட்டன. தண்ணீரைப் பங்கிடுவதற்கு வாய்க்காலின் குறுக்கே மரக்கட்டை ஒன்றைப் போட்டு, பங்குக்கு ஏற்ற அகலத்தில் அதில் வெட்டுகள் செதுக்கினார்கள். ஆற்றில் நீர் கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொருவருக்கும் உரிய விகிதம் மாறாது. கட்டையைப் பார்த்தாலே பங்கு தெரிந்துவிடும் என்பதால் அளவுக்காரர் தேவைப்படவில்லை.

சுபாக்குக்கு மேலே கோயில்கள் இருந்தன. வயல் மூலையில் உழவர் வைக்கும் சிறு படையல் மாடம், வாய்க்கால் தலைப்பில் சுபாக்கின் கோயில், பல சுபாக்குகள் கூடும் மஸ்சேத்தி கோயில், அணைக்கட்டுக் கோயில், உச்சியில் பத்தூர் ஏரியின் தேவி டானுவுக்குரிய புரா உலுன் டானு பத்தூர் என்று அவை ஆற்றோட்டத்தின் வரிசையிலேயே அமைந்தன. பத்தூர் ஏரியிலிருந்து வெளியே ஓடும் ஆறு எதுவும் இல்லை. ஆனால் சரிவுகளில் ஊறும் ஊற்றுகளுக்கெல்லாம் அந்த ஏரியே தாய் என்பது உழவர்களின் நம்பிக்கை. 1926ஆம் ஆண்டு எரிமலைச் சீற்றத்தில் பத்தூர் ஊர் அழிந்தபோது, ஏரிக்கரையில் இருந்த கோயிலை மலை விளிம்புக்கு மாற்றிக் கட்டினார்கள். இருநூற்றுக்கும் மேற்பட்ட சுபாக்குகள் அக்கோயிலுக்குக் காணிக்கை செலுத்துகின்றன. புதிதாக வாய்க்கால் வெட்டவோ ஊற்றைப் பயன்படுத்தவோ விரும்புவோர் அதன் தலைமைப் பூசாரியான ஜேரோ கிடேயிடம் ஒப்புதல் கேட்பது வழக்கம்.

மஸ்சேத்தி கோயிலில் சுபாக் தலைவர்கள் கூடும்போது பூசையோடு வேறொரு வேலையும் நடந்தது. அந்த ஆண்டு எந்தச் சுபாக் எப்போது நாற்றங்கால் விடுவது, எந்த ரகம் போடுவது, எப்போது வயலைத் தரிசாக விடுவது என்பது அங்கே முடிவாகும். திருவிழாக்கள் 210 நாள் கொண்ட பஞ்சாங்கத்தின்படி வந்ததால், நாற்று விடுவதும் நடுவதும் தண்ணீர் திறப்பதும் அந்த நாள்களோடு ஒட்டியே நடந்தன.

தண்ணீரும் பூச்சியும்

இந்தக் கூட்டத்தில் தீர்க்கவேண்டிய சிக்கலுக்கு இரண்டு முனைகள் உண்டு. நெல்லுக்கு மிக அதிகமாகத் தண்ணீர் தேவைப்படுவது சேற்றுழவுக்கும் நடவுக்கும். எல்லாச் சுபாக்குகளும் ஒரே வாரத்தில் நடவைத் தொடங்கினால் ஆற்றுநீர் போதாது, கடைமடை காயும். ஆகவே தண்ணீரை மட்டும் எண்ணினால், முறைவைத்து ஆளுக்கொரு நேரத்தில் நடுவதே நல்லது.

பூச்சியை எண்ணினால் கணக்குத் தலைகீழாகிறது. புகையானும் எலியும், துங்ரோ நோயைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சியும் பச்சை வயலிலிருந்து பச்சை வயலுக்கு நகர்ந்து பெருகுகின்றன. ஓரிடத்தில் அறுவடை முடிந்தாலும் பக்கத்தில் பயிர் நிற்குமானால் அவற்றுக்கு உணவு தட்டுவதில்லை. பரந்த பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அறுவடையாகி, சில வாரம் தண்ணீர் கட்டித் தரிசாகக் கிடந்தால்தான் பூச்சிக்கூட்டம் பட்டினியில் மடியும். அதற்கு எல்லோரும் சேர்ந்து நடவேண்டும்.

இரண்டையும் முழுமையாக நிறைவேற்ற முடியாது. எத்தனை சுபாக்குகள் ஒன்றாக நட்டால் பூச்சியும் அடங்கும், தண்ணீரும் போதும் என்பதே கேள்வி. அதற்கான விடை சரிவுக்குச் சரிவு, மழைக்கு மழை மாறும். கோயில் கூட்டங்கள் பல தலைமுறைகளாக அந்த விடையைத் திருத்தித் திருத்தி வைத்திருந்தன. ஆனால் அது எந்த நூலிலும் எழுதப்படவில்லை. பூசையாகவும் விழாவாகவும் மட்டுமே வெளியாருக்குத் தெரிந்தது.

டச்சுக்காரர்கள் கண்டதும் காணாததும்

டச்சு அதிகாரி லீஃபிரிங்க் 1880களில் பாலியின் நெல் சாகுபடியைப் பற்றி விரிவாக எழுதினார். சுபாக் அமைப்பு வெளியாருக்கு அறிமுகமானதில் அந்த எழுத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1906இல் பாடுங் அரசும் 1908இல் குளுங்குங் அரசும் வீழ்ந்த பிறகு, தீவு முழுவதும் டச்சு ஆட்சியின் கீழ் வந்தது. நிலவரி வசூலே புதிய ஆட்சியின் முதல் அக்கறை. அரசர்களின் வரி அதிகாரிகளான செடஹான்களை அது தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்து, பாசனத்தையும் அவர்கள் வழியாகவே பார்த்தது. சில இடங்களில் பொறியாளர்கள் நிலையான அணைகளைக் கட்டினார்கள். கோயில்கள் சமயக் கணக்கில் சேர்ந்தன. பாசனக் கோப்புகளில் அவற்றுக்கு இடமில்லை. ஆனாலும் நடவு நாளை அரசு முடிவு செய்ய முற்படாததால், கோயில் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. விடுதலைக்குப் பிறகும் இதே நிலை நீடித்தது.

பசுமைப் புரட்சி

1960களில் இந்தோனேசியா அரிசியைப் பெருமளவில் இறக்குமதி செய்துகொண்டிருந்தது. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் ஐ.ஆர்.8 ரகத்தை வெளியிட்டது. அதன் பெற்றோரில் ஒன்று தைவானின் குட்டை ரகம். மற்றொன்று பேத்தா என்ற இந்தோனேசிய ரகம். புதிய விதை, உரம், பூச்சிக்கொல்லி, கடன் ஆகியவற்றை ஒரே தொகுப்பாக உழவர்களுக்குக் கொடுக்கும் பிமாஸ் திட்டம் 1970களின் தொடக்கத்தில் பாலிக்கு வந்தது. ஆண்டுக்கு இரண்டு போகம் என்பதை விட்டு, முடிந்தவரை அடிக்கடி நடச் சொன்னார்கள். கோயில் குறித்துக் கொடுக்கும் நாளுக்காகக் காத்திருப்பது பின்தங்கிய வழக்கமாகத் தோன்றியது. 1977க்குள் தென் பாலியின் படிக்கட்டு வயல்களில் சுமார் 70 விழுக்காட்டில் புதிய ரகங்கள் ஏறிவிட்டன.

முதல் சில ஆண்டுகள் விளைச்சல் கூடியது. பிறகு மாவட்ட வேளாண் அலுவலர்களின் அறிக்கைகளில் இரண்டு முறையீடுகள் திரும்பத் திரும்ப வரத் தொடங்கின: தண்ணீர் முறை குழம்பிவிட்டது, பூச்சி பெருகிவிட்டது. புகையான் அலை ஐ.ஆர்.8 போன்ற ரகங்களை அழித்தது. அதைத் தாங்கும் ஐ.ஆர்.36 கொண்டுவரப்பட்டது, அதைத் துங்ரோ பிடித்தது. துங்ரோவைத் தாங்கும் வேறொரு ரகம் வந்தது. அதற்குப் பழுப்புப் புள்ளி நோய் வந்தது. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு ரகமும் ஒரு மருந்தும் தேடும் ஓட்டத்தில், பூச்சியைப் பட்டினி போட்டுவந்த தரிசுக் காலம் காணாமல் போனதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பூச்சிக்கொல்லியோ புகையானைத் தின்னும் சிலந்திகளையும் சேர்த்துக் கொன்றது. 1986இல் குடியரசுத் தலைவரின் ஆணை நெல்லுக்குப் பயன்பட்ட 57 பூச்சிக்கொல்லிகளைத் தடைசெய்தது.

இதற்கிடையே 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியில் பாலிப் பாசனத் திட்டம் தொடங்கியது. பழைய அணைகளைச் சீரமைப்பது, புதிய தலைப்புகள் கட்டுவது, தண்ணீர் நிர்வாகத்தைப் பொதுப்பணித் துறையிடம் ஒப்படைப்பது ஆகியவை அதன் பணிகள். வெட்டுக்கட்டைகள் இருந்த இடத்தில் ஏற்றி இறக்கும் ஷட்டர்கள் வந்தன. இவை தண்ணீரின் அளவைத் துல்லியமாகக் கூட்டவும் குறைக்கவும் உதவும் என்பது பொறியாளர் கணக்கு. யாருக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியாது என்பது உழவர் கணக்கு. பல இடங்களில் உழவர்கள் ஷட்டரை ஒதுக்கிவிட்டு விகிதப் பங்கீட்டுக்கே திரும்பினார்கள். வங்கியின் ஆய்வறிக்கைகளில் ஆற்று நீரோட்டம் இருந்தது, வாய்க்கால் கொள்ளளவு இருந்தது, பயிரின் நீர்த்தேவை இருந்தது. பூச்சியும் இல்லை, கோயிலும் இல்லை.

மாதிரி உருவான கதை

பாலியின் கோயில்களை 1970களிலிருந்து ஆராய்ந்துவந்த அமெரிக்க மானிடவியலாளர் ஸ்டீபன் லான்சிங், நடவு முறையைக் கோயில்களே வகுக்கின்றன என்று சொல்லிவந்தார். திட்ட அதிகாரிகள் அதைச் சமய நம்பிக்கையைப் பற்றிய கருத்தாகவே எடுத்துக்கொண்டார்கள். எண்ணில் பேசாத வாதத்துக்குத் திட்டக் கூட்டத்தில் எடையில்லை. தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அவருடன் பணியாற்றிய சூழலியலாளர் ஜேம்ஸ் கிரேமர், அந்த வாதத்தைக் கணக்காக்க முடியும் என்று கருதினார்.

கிரேமர் நெல்லைப் பற்றி அறிந்தவர் அல்லர்; கடலைப் பற்றி அறிந்தவர். அமெரிக்காவின் நாரகான்செட் விரிகுடாவில் மிதவை உயிரிகள், ஊட்டப்பொருள்கள், நீரோட்டம் ஆகியவை ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, கணினியில் ஓட்டிப் பார்த்து, ஸ்காட் நிக்சனோடு சேர்ந்து 1978இல் நூலாக வெளியிட்டவர். நீரியலிலும் இத்தகைய முயற்சிகள் அதற்கு முன்பே தொடங்கியிருந்தன. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ரே லின்ஸ்லியும் நார்மன் கிராஃபோர்டும் 1960களில் உருவாக்கிய மாதிரி, பெய்த மழை மண்ணில் இறங்கி ஆற்றில் சேரும்வரை கணினியில் தொடர்ந்தது. 1978இல் சி. எஸ். ஹோலிங்கும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட நூல், சூழல் நிர்வாகத்தில் முடிவெடுப்போரையும் மாதிரி எழுதுவோரையும் ஒன்றாக உட்காரவைக்கும் முறையை வகுத்தது. இவற்றில் பெரும்பாலானவை இனி என்ன செய்யலாம் என்று கேட்டன. பாலியில் கேட்கவேண்டிய கேள்வி, ஏற்கெனவே செய்துவந்தது என்ன வேலை செய்தது என்பது.

1980களின் பிற்பகுதியில் லான்சிங்கும் கிரேமரும் தென் பாலியில் அடுத்தடுத்து ஓடும் ஊஸ், பெத்தானு ஆறுகளை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் தண்ணீர் எடுக்கும் 172 சுபாக்குகளின் பரப்பு, இருக்கும் இடம், எந்த அணையிலிருந்து பாசனம், வடிநீர் எங்கே திரும்புகிறது என்ற விவரங்கள் மாதிரிக்குள் சென்றன. மாதந்தோறும் மழை பெய்யும், ஆறு ஓடும், சுபாக்குகள் தங்கள் நடவுத் திட்டப்படி தண்ணீர் எடுக்கும், மிச்சம் கீழே போகும், பயிர் வளரும், பூச்சி பக்கத்து வயலுக்கு நகரும், உணவிருந்தால் பெருகும், தரிசில் மடியும். ஆண்டு முடிவில் நீர்க்குறையாலும் பூச்சியாலும் ஏற்பட்ட இழப்பைக் கழித்து ஒவ்வொரு சுபாக்கின் விளைச்சலும் வெளிவரும். 1988, 1989 ஆண்டுகளில் உண்மையாகக் கிடைத்த விளைச்சலோடு அதை ஒப்பிட்டபோது, மாதிரி நம்பத்தக்கது என்று தெரிந்தது.

பிறகு ஒரே ஒரு விதியை மட்டும் மாற்றி மாற்றி ஓட்டினார்கள்: எத்தனை சுபாக்குகள் ஒரே நேரத்தில் நடுகின்றன? 172 சுபாக்குகளும் தனித்தனியாக நட்டால் பூச்சி தின்றுவிட்டது. 172உம் ஒன்றாக நட்டால் பூச்சி அடங்கியது, தண்ணீர் போதவில்லை. இடைப்பட்ட அளவுகளில் விளைச்சல் ஏறியது. மஸ்சேத்தி கோயில்கள் நடைமுறையில் வகுத்திருந்த தொகுப்புகளை ஒத்த அளவில் அது உச்சத்தை அடைந்தது.

அடுத்த கேள்வி இதைவிடக் கடினமானது. இந்த அளவைக் கண்டுபிடித்தது யார்? அரசனா, பூசாரியா? இரண்டாவது சோதனையில் சுபாக்குகளுக்குக் கண்மூடித்தனமாக நடவுத் திட்டங்களைக் கொடுத்துவிட்டு, ஒவ்வோர் ஆண்டின் முடிவிலும் ஒவ்வொரு சுபாக்கும் அண்டைச் சுபாக்குகளைப் பார்த்து, தன்னைவிட அதிகம் விளைத்தவரின் திட்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்று மட்டும் விதித்தார்கள். மாதிரிக்குள் ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கடப்பதற்குள் ஒத்த நடவுள்ள தொகுப்புகள் தாமாகவே உருவாயின. அவை உண்மையான கோயில் தொகுப்புகளைப் பெரிதும் ஒத்திருந்தன; சராசரி விளைச்சலும் உயர்ந்தது. மேலிருந்து யாரும் திட்டமிடாமலேயே இத்தகைய ஏற்பாடு உருவாக முடியும் என்பது இதிலிருந்து புலப்பட்டது. லான்சிங் தம் ஆய்வை 1991இல் நூலாக வெளியிட்டார். இருவரும் சேர்ந்து எழுதிய கட்டுரை 1993இல் அமெரிக்க மானிடவியல் இதழில் வந்தது.

மாதிரியின் பயன்

இந்த மாதிரிதான் பாலியைக் காப்பாற்றியது என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1980களின் நடுப்பகுதியிலேயே பல சுபாக்குகள், அரசு சொன்ன தொடர் நடவைக் கைவிட்டுக் கோயில் நடவு முறைக்குத் திரும்பத் தொடங்கியிருந்தன. பூச்சியின் பாடத்தை உழவர்கள் வயலிலேயே படித்துவிட்டார்கள். மாதிரியின் பயன் வேறிடத்தில் இருந்தது. உழவர் சொன்னபோது மூடநம்பிக்கையாகவும், மானிடவியலாளர் சொன்னபோது பண்பாட்டு ஆர்வமாகவும் தோன்றிய கருத்து, நீரோட்டமும் டன்னும் ஹெக்டேரும் கொண்ட கணக்காக வந்தபோது பொறியாளர்களால் அதை ஒதுக்க முடியவில்லை. 1988இல் வெளிவந்த ‘தேவியும் கணினியும்’ என்ற பொருள்படும் ஆங்கில ஆவணப்படம் இந்த ஆய்வைப் பொதுமக்களிடமும் கொண்டுசென்றது. ஆசிய வளர்ச்சி வங்கியின் பிந்தைய மதிப்பீடு, நீர்க்கோயில்களின் பங்கைத் திட்டம் கண்டுகொள்ளாமல் விட்டதை ஏற்றுக்கொண்டது. கோயில் வழி நடவு முறைக்கு எதிரான வற்புறுத்தலும் தளர்ந்தது.

பொறியாளர்களிடம் முன்பே இருந்த கணக்கும் ஒரு மாதிரிதான்; அதில் கூட்டல் கழித்தல் பிழை இல்லை. தண்ணீரை மட்டும் எண்ணிய கணக்கு, தண்ணீரை மட்டும் சரியாக்கும் முடிவைக் கொடுத்தது. பூச்சி என்ற ஒரு காரணியைச் சேர்த்தவுடன் தரிசுக் காலத்துக்குப் பொருள் கிடைத்தது. தரிசுக்குப் பொருள் கிடைத்தவுடன், அதை எல்லோரையும் ஒருசேரக் கடைப்பிடிக்கவைக்கும் கோயிலுக்கும் பொருள் கிடைத்தது. ஆற்றுப்படுகை நிர்வாகத்தில் மாதிரியின் துல்லியத்தைவிட, அது எதைச் சேர்த்தது, எதை விட்டது என்பதே முடிவை நிர்ணயிக்கிறது என்பதற்குப் பாலி தெளிவான சான்று.

அந்த அளவுகோலை லான்சிங், கிரேமர் மாதிரிமீதும் வைத்துப் பார்த்தவர்கள் உண்டு. மானிடவியலாளர் ஸ்டெஃபான் ஹெல்ம்ரைக், மாதிரிக்குள் வரியும் இல்லை, குத்தகையும் இல்லை, டச்சு ஆட்சியும் இல்லை, காலமே உறைந்து நிற்கிறது என்று 1999இல் விமர்சித்தார். அரசர்கள் பாசனத்தில் ஈடுபட்டதற்கான சான்றுகளை மெங்வி அரசின் வரலாற்றை எழுதிய ஹெங்க் ஷுல்டே நோர்தோல்ட் காட்டினார். பிரிகிட்டா ஹவுசர்-ஷாய்ப்ளினும் கோயில்களை அரண்மனையிலிருந்து பிரித்துப் பார்ப்பது தவறு என்று 2003இல் வாதிட்டார். தொகுப்புகள் தாமாக உருவாக முடியும் என்று மாதிரி காட்டியது. அவை உண்மையில் அப்படித்தான் உருவாயின என்று அது நிறுவவில்லை. இந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

தலைமடையும் கடைமடையும்

மாதிரி எழுப்பிய இன்னொரு கேள்வி, தலைமடைக்காரர் ஏன் ஒத்துழைக்கவேண்டும் என்பது. தண்ணீர் முதலில் அவர் கைக்கு வருகிறது. கடைமடைக்காக அவர் நடவைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. லான்சிங்கும் பொருளியலாளர் ஜான் மில்லரும் 10 சுபாக்குகளில் 150 உழவர்களிடம் எதற்கு அதிகம் அஞ்சுகிறீர்கள் என்று கேட்டார்கள். கடைமடைக்காரர் தண்ணீர்ப் பற்றாக்குறையைச் சொன்னார். தலைமடைக்காரர் பூச்சியைச் சொன்னார். கடைமடையில் வேறு நேரத்தில் பயிர் நின்றால் பூச்சி அங்கிருந்து மேலே ஏறிவரும். ஆகவே தண்ணீரைக் கொடுத்துச் சேர்ந்து நடுவதே தலைமடைக்கும் லாபம். பூச்சியின் அச்சமே கடைமடைக்குப் பேரம்பேசும் வலுவைக் கொடுக்கிறது. பூச்சியை மருந்தால் முற்றிலும் ஒழித்துவிட்டால், தண்ணீர் கொடுப்பதற்கான காரணமும் குறைந்துவிடும் என்பது இதன் மறுபக்கம்.

பின்னர் வந்த ஆய்வுகள் உரத்தைக் கணக்கில் சேர்த்தன. எரிமலை மண்ணிலிருந்து கரைந்துவரும் பாஸ்பரசும் பொட்டாசியமும் வாய்க்கால் நீரோடு ஏற்கெனவே வயலுக்கு வருகின்றன. திட்டத் தொகுப்பில் வந்த உரத்தின் ஒரு பகுதி பயிருக்குப் பயன்படாமல் ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போனது. கரையோரப் பவளப்பாறைகளில் அந்த உரத்திலிருந்த நைட்ரஜனின் தடயம் பதிவாகியிருப்பதை ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆற்றுப்படுகையின் எல்லை வயலோடு முடிவதில்லை என்று காட்டிய ஆய்வு இது. 2017இல் லான்சிங், ஸ்டெஃபான் தூர்னர் முதலியோர் அமெரிக்க தேசிய அறிவியல் கழக இதழில் வெளியிட்ட கட்டுரை, வானிலிருந்து எடுத்த படங்களில் தெரியும் நடவுத் தொகுப்புகளைக் கொண்டு பழைய முடிவை மீண்டும் சோதித்தது. தண்ணீர்ப் பற்றாக்குறை, பூச்சி ஆகிய இரண்டு காரணிகள் மட்டுமே கொண்ட எளிய மாதிரி, படங்களில் உள்ள தொகுப்புகளின் அளவுப் பரவலை ஒத்த வடிவங்களைத் தந்தது.

2012இல் யுனெஸ்கோ பாலியின் சுபாக் நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஐந்து படிக்கட்டு வயல் பகுதிகளும் அவற்றின் நீர்க்கோயில்களும் சேர்ந்த அதன் பரப்பு சுமார் 19,500 ஹெக்டேர். தனிக் கட்டடத்தைக் காட்டிலும் நீர், வயல், கோயில், சங்கம் ஆகியவற்றின் பிணைப்பையே காக்கவேண்டும் என்ற பார்வை அந்த முடிவில் இருக்கிறது. அதே காலத்தில் சுற்றுலா விடுதிகளும் வீட்டுமனைகளும் வயல்களை விழுங்கி வருகின்றன. தண்ணீரும் அவற்றுக்குத் திரும்புகிறது. ஒரு சுபாக்கின் வயல்களில் பாதி விற்றுப்போனால் மீதிப் பாதியில் சேர்ந்து நடுவது கடினமாகிறது. வாய்க்கால் வெட்ட ஆள் குறைகிறது, தரிசின் பயனும் குறைகிறது. ஊஸ், பெத்தானு ஆறுகளுக்கு எழுதப்பட்ட முதல் மாதிரியில் நில விலை ஒரு காரணியாக இல்லை. இன்று அந்த ஆறுகளுக்குப் புதிதாக மாதிரி எழுதுவோர் தண்ணீருக்கும் பூச்சிக்கும் அடுத்தபடியாகச் சேர்க்கவேண்டியது அதுதான்.